ரோடு வேலை சரி, மாற்றுப்பாதை எங்கே? ராயபுரம் டூ எண்ணூர்: ஒரு பள்ளம் துறைமுகம் வரை டிராஃபிக்கை நிறுத்துவது எப்படி?

ராயபுரத்தில் இருந்து எண்ணூருக்கு தினமும் வேலைக்குப் போகிறவர்களிடம் "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டுப் பாருங்கள். நேரடியாகப் பதில் வராது. "வழியில ரோடு வேலை நடக்குதா, இல்லையா?" என்ற எதிர்க்கேள்விதான் முதலில் வரும்.

தி.நகரில் ஒரு தெருவைத் தோண்டினால் வண்டிகளை அடுத்த தெரு வழியாகத் திருப்பி விடலாம். அண்ணா நகரில் ஒரு அவென்யூவை மூடினால் அடுத்த அவென்யூ இருக்கிறது. கொஞ்சம் சுற்று, கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். வடசென்னையின் துறைமுகப் பகுதியில் திருப்பி விட அந்த அடுத்த தெரு கிடையாது. டைவர்ஷன் போர்டு வைக்கலாம். ஆனால் அம்புக்குறியை எந்தப் பக்கம் காட்டுவது?

சாலைப் பணி நடக்கும்போது போக்குவரத்தை எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும்? விதி என்ன சொல்கிறது? ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிக்கு அந்த விதி மட்டும் ஏன் போதாது? விரிவாகப் பார்ப்போம்.

கடலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில்

முதலில் மேப்பைத் திறங்கள். கிழக்கே வங்கக் கடல். மேற்கே சென்ட்ரல் - கும்மிடிப்பூண்டி ரயில் பாதை. அதையும் தாண்டினால் பக்கிங்காம் கால்வாய். இந்த நீளமான துண்டு நிலத்துக்குள் வடக்கு - தெற்காக ஓடும் பெரிய சாலைகள் இரண்டுதான். ஒன்று, எல்லோரும் டி.ஹெச். ரோடு என்று சொல்லும் திருவொற்றியூர் நெடுஞ்சாலை. இன்னொன்று, காசிமேட்டில் இருந்து கடலை ஒட்டியே போகும் எண்ணூர் விரைவுச் சாலை.

மேற்குப் பக்கம் போக வேண்டுமென்றால் ரயில் பாதையைக் கடக்க வேண்டும். அதற்குச் சில மேம்பாலங்கள், சில சுரங்கப்பாதைகள், சில கேட்டுகள். பெரிய மழை பெய்தால் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நிற்கும். அப்போது மீதி இருப்பது இன்னும் குறைவு.

இந்த இரண்டு சாலைகளில் ஒன்று பஸ், ஷேர் ஆட்டோ, பைக், பள்ளி வேன் போகும் சாலை. மற்றொன்று கன்டெய்னர் லாரிகளின் சாலை. சென்னைத் துறைமுகத்தில் இரண்டு கன்டெய்னர் முனையங்கள் இருக்கின்றன. அங்கிருந்து வரும் டிரெய்லர்கள் பகலில் நகரத்துக்குள் இஷ்டப்படி நுழைய முடியாது, கனரக வாகனங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் காசிமேடு பக்கம் உள்ள ஜீரோ கேட் வழியாக வெளியே வந்து, எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறி, எர்ணாவூர் போய், மணலி ஆயில் ரிஃபைனரி சாலையைப் பிடித்து, மாதவரம் பக்கம் வெளியேறுவதுதான் அவற்றின் வழக்கமான பாதை.

இந்தப் பாதையைச் சீராக்கத்தான் எண்ணூர் - மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் வந்தது. எண்ணூர் விரைவுச் சாலை, மணலி ஆயில் ரிஃபைனரி சாலை, திருவொற்றியூர் - பொன்னேரி - பஞ்செட்டி சாலை, உள்வட்டச் சாலையின் வடக்குப் பகுதி என சுமார் 30 கி.மீ. சாலையை அகலப்படுத்தும் திட்டம் அது. 1990-களின் இறுதியிலேயே பேச்சு தொடங்கியது. கரையோர மீனவக் குடும்பங்களுக்கு மாற்றுக் குடியிருப்பு, நிலம், செலவு என்று இழுத்து, முடிய வருடக்கணக்கில் ஆனது. வேலை நடந்த காலத்தில் அதே சாலையில்தான் லாரிகளும் ஓடின. காசிமேட்டில் இருந்து வடக்கே கிலோமீட்டர் கணக்கில் டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்ற படங்கள் அப்போது செய்தித்தாள்களில் அடிக்கடி வந்தன.

தெற்கே வேறு வழி திறக்காதா? அதற்காகத்தான் துறைமுகம் - மதுரவாயல் பறக்கும் சாலை. 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். 2012-ல் வேலை நின்றது. கூவம் கரையில் பாதியில் நின்ற தூண்களைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. பிறகு ஈரடுக்குச் சாலையாகத் திட்டம் மாற்றப்பட்டு, 2022 மே மாதம் பிரதமர் மோடி மீண்டும் அடிக்கல் நாட்டினார். நீளம் 20.5 கி.மீ. அது முழுதாகப் பயன்பாட்டுக்கு வராத வரை துறைமுகச் சரக்கின் பெரும்பங்கு வடக்கு வழியாகத்தான் போயாக வேண்டும். அதாவது, எர்ணாவூரில் ஒரு குழாய் பதிக்கும் வேலைக்காக ஒரு லேனை மூடினால், அதன் வரிசை துறைமுக வாசலை நோக்கி வளரும்.

விதிப்புத்தகம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் சாலைப் பணி இடங்களில் போக்குவரத்தைக் கையாள ஒரு வழிகாட்டி ஏற்கெனவே இருக்கிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வெளியிட்ட எஸ்.பி. 55. 2001-ல் வந்து, 2014-ல் திருத்தப்பட்டது. அதன் அடிப்படை ரொம்ப எளிது. தோண்டும் பள்ளம் மட்டும் 'பணி இடம்' இல்லை. பள்ளத்துக்கு முன்னால் டிரைவருக்குத் தகவல் சொல்லும் தூரம், வண்டிகள் மெல்ல லேன் மாறும் தூரம், வேலை நடக்கும் இடம், பிறகு பழைய லேனுக்குத் திரும்பும் தூரம் - இந்த நான்கும் சேர்ந்ததுதான் பணி இடம்.

நம் ஊரில் பெரும்பாலும் நான்கில் மூன்று காணாமல் போய்விடும். பள்ளம் இருக்கும், அதைச் சுற்றி தகரம் இருக்கும், அவ்வளவுதான்.

முன்னெச்சரிக்கை தூரம் ஏன் முக்கியம்? கணக்கு போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 14 மீட்டர் நகர்ந்துவிடும். டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக்கை மிதித்து, வண்டி நிற்க வேண்டும். இதற்கு நம் சாலை வடிவமைப்பு விதி 50 கி.மீ. வேகத்துக்கு 60 மீட்டரும், 80 கி.மீ. வேகத்துக்கு 120 மீட்டரும் எடுத்துக்கொள்கிறது. அப்படியிருக்க, பள்ளத்துக்கு 10 மீட்டர் முன்னால் 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' போர்டு வைத்தால் யாருக்கு என்ன பயன்? போர்டைப் படிக்கும்போது முன்சக்கரம் பள்ளத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

அடுத்து லேன் மாறும் தூரம். தடுப்புகளைச் சாலைக்குக் குறுக்கே செங்குத்தாக வைக்கக் கூடாது, சாய்வாக வைக்க வேண்டும். எவ்வளவு நீளத்துக்கு? அமெரிக்கக் கையேட்டில் இதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. 3.5 மீட்டர் அகல லேனை மூடுகிறோம், வண்டிகள் 50 கி.மீ. வேகத்தில் வருகின்றன என்றால், அந்தச் சாய்வு சுமார் 56 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். வேகம் கூடினால் நீளமும் கூடும். டி.ஹெச். ரோட்டில் 56 மீட்டர் என்றால் வரிசையாக எத்தனை கடை வாசல் அடைபடும் என்று யோசித்துப் பாருங்கள். கடைக்காரர்கள் தடுப்பை நகர்த்தி வைப்பதும், கான்ட்ராக்டர் கண்டுகொள்ளாமல் விடுவதும் அதனால்தான்.

இந்தப் பகுதிக்கு இன்னொரு கணக்கும் வேண்டும். 40 அடி கன்டெய்னரின் நீளம் மட்டுமே 12.2 மீட்டர். முன்னால் இழுக்கும் வண்டியையும் சேர்த்தால் இன்னும் நீளம். இப்படிப்பட்ட டிரெய்லர் திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன பாதையில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். திருப்பத்தில் தடுப்பு வைத்து பாதையைக் குறுக்கினால், அந்த உள்பக்க இடைவெளியில் நிற்கும் பைக்காரர் தப்பிக்க இடம் இருக்காது. டிரைவருக்கு அவர் கண்ணிலேயே பட மாட்டார். எனவே எர்ணாவூர் மாதிரி லாரி திரும்பும் இடங்களில், காருக்குப் போதுமான அகலத்தை விட்டுவிட்டு "வழி இருக்கே" என்று சொல்ல முடியாது.

தடுப்பிலும் விஷயம் இருக்கிறது. ஆரஞ்சு, வெள்ளை நிறத்தில் பிளாஸ்டிக் தடுப்புகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் உள்ளே தண்ணீர் நிரப்பினால்தான் அது தடுப்பு. காலியாக வைத்தால் கடற்கரைச் சாலையின் காற்றுக்கு அதுவே நடுரோட்டுக்கு உருண்டு வந்துவிடும். ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிய போர்டுகளும் அப்படித்தான். லாரிகள் கிளப்பும் தூசி மேலே படிந்தால் ராத்திரியில் அது ஒளிராது. வாரத்துக்கு ஒரு முறை ஈரத்துணியால் துடைக்க ஒரு ஆள் போதும். அந்த ஒரு ஆளைத்தான் எந்த சைட்டிலும் காணோம். கடைசியில் ஊர்க்காரர்களே பள்ளத்தில் ஒரு மரக்கிளையை ஒடித்து நட்டு வைக்கிறார்கள். பல இடங்களில் ராத்திரியில் உயிரைக் காப்பாற்றுவது அந்தக் கிளைதான்.

அண்ணா சாலையும் டி.ஹெச். ரோடும்: ஒரே மெட்ரோ, இரண்டு கதை

மெட்ரோ முதல் கட்டப் பணிக்காக அண்ணா சாலையின் ஒரு பகுதி பல வருடங்கள் ஒருவழிப் பாதையாக இருந்தது. ஜி.பி. ரோடு, ஒயிட்ஸ் ரோடு, ராயப்பேட்டை என்று வண்டிகள் சுற்றிப் போயின. எல்லோரும் திட்டினார்கள், ஆனால் நகரம் ஓடியது. சுற்றிப் போக சாலைகள் இருந்தன.

வண்ணாரப்பேட்டை - விம்கோ நகர் நீட்டிப்பு வேறு கதை. 2016 ஜூலையில் வேலை தொடங்கியது. சுமார் 9 கி.மீ. முதல் இரண்டு நிலையங்கள் தரைக்கு அடியில், மற்றவை மேலே. டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி, விம்கோ நகர் என்று போகும் மேல்மட்டப் பாதைக்கான தூண்கள் எழுந்தது டி.ஹெச். ரோட்டில்தான். 2021 பிப்ரவரி 14-ல் ரயில் ஓடியது. தேரடி நிலையம் திறக்க 2022 மார்ச் ஆனது. நடுவில் ஏறக்குறைய நாலரை வருடம், ஏற்கெனவே நெருக்கடியான சாலையின் ஒரு பகுதியைத் தடுப்புகள் எடுத்துக்கொண்டன.

அப்படி ஒரு சாலை குறுகும்போது என்ன நடக்கும்? பஸ் போன்ற பெரிய வண்டிகள் வேறு வழியில்லாமல் அங்கேயே ஊர்ந்து போகும். பைக் ஓட்டுபவர்கள் பொறுக்காமல் கடற்கரை விரைவுச் சாலைக்குத் தாவுவார்கள். அங்கே அவர்களோடு சேர்ந்து போவது டிரெய்லர். பேப்பரில் பார்த்தால் நெரிசல் குறைந்த மாதிரி தெரியும். உண்மையில் ஆபத்து ஒரு சாலையில் இருந்து அடுத்த சாலைக்கு இடம் மாறியிருக்கும். டைவர்ஷன் திட்டம் போடும்போது "வண்டி எந்த வழியாகப் போகும்" என்று மட்டும் கேட்டால் போதாது. "எதோடு சேர்ந்து போகும்" என்றும் கேட்க வேண்டும்.

இங்கே நேரம் என்பது வெறும் ஆபீஸ் லேட் சமாச்சாரமும் இல்லை. திருவொற்றியூரில் மாரடைப்பு வந்தவரையும், எர்ணாவூரில் பிரசவ வலி வந்தவரையும் ஏற்றிக்கொண்டு 108 ஆம்புலன்ஸ் பெரும்பாலும் தெற்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கோதான் போக வேண்டும். வழி அதே இரண்டு சாலைகள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கு அடியில் போகும் அம்மோனியா குழாயில் கசிவு ஏற்பட்டது. கண் எரிச்சல், மூச்சுத் திணறலோடு மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு வெளியே ஓடினார்கள். கிடைத்த வண்டியில் ஏறினார்கள். உரம், பெட்ரோலியம், அனல்மின் நிலையம், எரிவாயு கிடங்கு என்று நிறைந்த பகுதி இது. இங்கே சாலை என்பது தப்பிக்கும் வழியும்கூட. எனவே ஒரு லேனையாவது எந்த நேரமும் வண்டி போகும்படி வைத்திருக்க வேண்டும். பள்ளத்தின் மேல் போட இரும்புத் தகடு சைட்டிலேயே தயாராக இருக்க வேண்டும். மற்ற ஊர்களுக்கு இது கூடுதல் எச்சரிக்கை. எண்ணூருக்கு இதுதான் அடிப்படைத் தேவை.

"ராத்திரியில வேலை செஞ்சா போச்சு!"

எல்லோரும் சொல்லும் தீர்வு இது. பகலில் டிராஃபிக், அதனால் ராத்திரி 10 மணிக்கு மேல் வேலை. தென்சென்னையில் இது சரிப்பட்டு வரும். இங்கே?

பகலில் நகரத்துக்குள் கனரக வண்டிகளுக்குக் கட்டுப்பாடு என்பதால், லாரிகள் சுறுசுறுப்பாவதே ராத்திரியில்தான். துறைமுகம் 24 மணி நேரமும் இயங்குகிறது. அடுத்து, காசிமேடு. விடிவதற்கு முன்பே மீன் ஏலம் சூடுபிடித்துவிடும். ஐஸ் வண்டி, மீன் வண்டி, கூடையோடு வரும் பெண்கள், மொத்த வியாபாரிகள் எல்லோரும் அந்த நேரத்தில்தான் சாலையில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என்றால் கேட்கவே வேண்டாம். பாதி சென்னை அங்கேதான் நிற்கும். 'ஆள் நடமாட்டம் இல்லாத நேரம்' என்று ஒன்று ராயபுரம் கரையில் கிடையாது.

ஆனால் ஆள் நடமாட்டம் குறையும் மாதங்கள் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மீன் வரத்து குறையும். மே மாதத்தில் பள்ளி விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். மழையும் இருக்காது. காசிமேட்டைச் சுற்றி மில்லிங் செய்து தார் போடுவது, குழாய் மாற்றுவது மாதிரியான வேலைகளுக்கு இதைவிட நல்ல சமயம் வராது. (அந்த 61 நாளும் மீனவக் குடும்பங்களுக்கு வருமானம் இல்லாத நாட்கள். அவர்கள் வீட்டு வாசலைத் தோண்டிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் போகாமல் இருப்பதும் முக்கியம்.)

தேதி பார்க்க வேண்டிய இடம் காசிமேடு மட்டுமில்லை. மாசி மாதத்தில் திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயில் பிரம்மோற்சவம், தேர். பௌர்ணமி தோறும் வடிவுடையம்மன் தரிசனத்துக்குக் கூட்டம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இதெல்லாம் திடீரென்று வருவது இல்லை, பஞ்சாங்கத்திலும் காலண்டரிலும் இருக்கிறது. இருந்தும் பெரும்பாலான தோண்டல் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் அவசர அவசரமாக நடக்கிறது. மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்ற கெடு நெருங்கும்போது சாலையெங்கும் ஒரே நேரத்தில் பள்ளம். மழை வந்ததும் சாலை வெட்ட மாநகராட்சி தடை போடும். அதற்குள் முடியாத பள்ளம் தண்ணீருக்குள் மறைந்துவிடும்.

அந்த மறைந்த பள்ளத்தின் விலை என்ன என்பது சென்னைக்குத் தெரியும். 2022 அக்டோபரில் காசி தியேட்டர் அருகே மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் விழுந்து, இருபதுகளில் இருந்த ஒரு தொலைக்காட்சி உதவி ஆசிரியர் உயிரிழந்தார். அதற்குப் பிறகுதான் எல்லா பள்ளங்களுக்கும் தடுப்பு வைக்கச் சொல்லி உத்தரவுகள் பறந்தன.

லாரியை ரோட்டில் நிறுத்தாமல் வேறு எங்கே நிறுத்துவது?

மாற்றுப்பாதை இல்லாத இடத்தில் வண்டிகளைத் திருப்ப முடியாது. எண்ணிக்கையைத்தான் குறைக்க முடியும். அதாவது, லாரி எப்போது சாலைக்கு வர வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துவது. வேலை நடக்கும் நாட்களில் டிரெய்லர்களை மணலி, மாதவரம், செங்குன்றம் பக்கம் உள்ள சரக்கு நிலையங்களிலும் யார்டுகளிலும் நிறுத்தி வைத்து, இத்தனை மணிக்கு இத்தனை வண்டி என்று நேரம் ஒதுக்கி அனுப்பினால், ஒரே லேனிலும் சாலை ஓடும். எல்லா லாரியும் ஒரே நேரத்தில் வந்து கேட் முன்னால் நின்றால், நான்கு லேன் இருந்தாலும் ஓடாது.

இதை போக்குவரத்து போலீஸ் மட்டும் நினைத்தால் செய்ய முடியாது. துறைமுகம், கஸ்டம்ஸ், முனையம், லாரி உரிமையாளர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும். வரிசையில் சிக்கும் டிரைவருக்கும் இது நல்லது. மணிக்கணக்கில் சீட்டை விட்டு இறங்க முடியாது, கழிப்பறை கிடையாது, சாப்பாடு நேரத்துக்குக் கிடையாது. தூக்கக் கலக்கத்தோடு அவர் ஓட்டும் வண்டிதான் அடுத்த திருப்பத்தில் பைக்குக்குப் பக்கத்தில் வரப்போகிறது.

சாலையை அடைப்பவரிடம் அந்த நேரத்துக்குக் காசு வாங்குவது வெளிநாட்டில் இருக்கும் இன்னொரு வழி. லண்டனில் 2012-ல் 'லேன் வாடகை' முறை வந்தது. நெரிசலான சாலையில், நெரிசலான நேரத்தில் குழாயோ கேபிளோ தோண்டினால், அந்த நிறுவனம் ஒரு நாளைக்கு 2,500 பவுண்டு வரை கட்ட வேண்டும். நெரிசல் இல்லாத நேரத்தில் செய்தால் அந்தச் செலவைத் தவிர்க்கலாம். நம் ஊரில் சாலை வெட்டக் கட்டணம் வாங்குகிறார்கள், ஆனால் அது சாலையைப் பழையபடி போடுவதற்கான செலவு. அடைபட்டு நின்ற ஆயிரக்கணக்கானவர்களின் நேரத்துக்கு யாரும் பில் போடுவதில்லை.

அந்தப் பக்கம் காலி ரோடு, வேறு ஆபத்து

எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டினால் காட்சி மாறும். அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி, மீஞ்சூர் பக்கம் சென்னை எல்லைச் சாலைத் திட்டம் நடக்கிறது. எண்ணூர் துறைமுகத்தில் இருந்து மாமல்லபுரம் வரை சுமார் 133 கி.மீ. அதன் முதல் பகுதி எண்ணூர் துறைமுகம் - தச்சூர். இங்கே பிரச்சினை நெரிசல் இல்லை. வண்டி குறைவு என்பதால் வேகம் அதிகம். தெருவிளக்கு குறைவு, உப்பங்கழி, இருட்டு. நகரத்தில் பள்ளத்தில் விழுந்தால் தூக்கிவிட நாலு பேர் வருவார்கள். இங்கே விடியும் வரை யாரும் பார்க்காமல் போகலாம்.

அதனால் இங்கே முன்னெச்சரிக்கை போர்டு இன்னும் தூரத்தில் இருந்தே தொடங்க வேண்டும். பாதிச் சாலையை மூடினால், மீதிப் பாதியில் இரண்டு பக்க வண்டிகளும் மாறி மாறிப் போக வேண்டும். இரு முனையிலும் கொடி காட்டும் ஆள் நிற்பார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடிந்தால் சைகை போதும். வளைவு குறுக்கிட்டால் வாக்கி-டாக்கி வேண்டும். அதுவும் இல்லாத இடங்களில் ஒரு பழைய வித்தை உண்டு. ஒரு பக்கத்தில் இருந்து விடும் கடைசி வண்டிக்காரரிடம் ஒரு கொடியைக் கொடுத்து அனுப்புவார்கள். அந்தக் கொடி மறுமுனைக்கு வந்து சேர்ந்தால்தான் எதிர்ப்பக்க வண்டிகளுக்கு வழி. ஒற்றைத் தண்டவாளத்தில் டோக்கன் கொடுத்து ரயில் விடும் அதே முறைதான். 1856-லேயே ரயில் பார்த்த ராயபுரத்துக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலைப்பாதையிலும் இதே தத்துவம்தான். கோடை சீசனில் ஊட்டிக்கு குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்கிறார்கள். லடாக் போகும் வழியில் ஸோஜி லா கணவாயில் ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகளை மட்டும் விடுகிறார்கள். வண்டி குறைவாக இருக்கும் இடத்தில் காத்திருக்கச் சொன்னால் மக்கள் காத்திருப்பார்கள், எவ்வளவு நேரம் என்று சொன்னால் மட்டும் போதும். அந்தக் கொடி காட்டுபவருக்குப் பயிற்சி வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஜப்பானில் சாலைப் பணி என்றால் ஒளிரும் தடியோடு அதற்கென்றே காவலர் நிற்பார். இங்கே மண் அள்ளிக்கொண்டிருந்தவர் கையில் ஒரு சிவப்புத் துணியைக் கொடுத்து "போய் நில்லு" என்பதோடு பயிற்சி முடிந்துவிடுகிறது. அவருக்குத் தமிழ் தெரியுமா என்றுகூட யாரும் கேட்பதில்லை.

யார் பொறுப்பு?

திருவொற்றியூர், கத்திவாக்கம் எல்லாம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. ஆனால் ஒரே பகுதியில் ஒரு சாலை மாநகராட்சியுடையது, அடுத்தது மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, அடுத்தது தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துடையது. சாலைக்கு அடியில் குடிநீர் வாரியம், மின்சாரம், டெலிகாம். போலீசும் ஒன்றல்ல. 2022-ல் காவல் ஆணையரகங்கள் பிரிந்த பிறகு, திருவொற்றியூர் சென்னைப் பெருநகரக் காவலிலும், எண்ணூரும் மணலியும் ஆவடி ஆணையரகத்திலும் இருக்கின்றன. லாரி வரிசைக்கு இந்த எல்லை தெரியாது. எண்ணூரில் வேலை நடந்தால் நெரிசல் திருவொற்றியூரில் நிற்கும். ஒருவர் கொடுத்த அனுமதியின் விளைவை இன்னொருவர் சமாளிக்க வேண்டியிருக்கும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-வது பிரிவு, பொதுப் பாதுகாப்புக்காக வாகனங்களைக் கட்டுப்படுத்த மாநில அரசுக்கும் அது அதிகாரம் கொடுத்தவர்களுக்கும் உரிமை தருகிறது. ஒரு மாதத்துக்கு மேல் போகாத கட்டுப்பாடு என்றால் அரசிதழில் அறிவிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பகுதி மக்களுக்கு முடிந்தவரை தெரியப்படுத்த வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ட்விட்டரில் முந்தைய நாள் ராத்திரி ஒரு மேப் போடுவதை அதில் சேர்க்கலாமா என்பது விவாதத்துக்குரியது. டிரெய்லர் டிரைவரும் மீன் விற்கும் அக்காவும் அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதில்லை.

2019 திருத்தத்தில் 198ஏ என்ற பிரிவு வந்தது. சாலையை வடிவமைத்தவர், கட்டுபவர், பராமரிப்பவர் பாதுகாப்புத் தரத்தைக் கடைப்பிடிக்காமல், அதனால் யாராவது இறந்தாலோ உடல் ஊனமுற்றாலோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கோடிகளில் ஒப்பந்தம் போடும் வேலையில் ஒரு உயிருக்கு அதிகபட்சம் 1 லட்சம். இருந்தாலும், 'விதி என்று ஒன்று இல்லை' என்று இனி கான்ட்ராக்டர் சொல்ல முடியாது.

உங்கள் தெருவில் தடுப்பு இல்லாத பள்ளம் இருந்தால்?

மாநகராட்சிச் சாலை என்றால் 1913. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. மாநில நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் 'நம்ம சாலை' செயலியில் போட்டோ எடுத்துப் போடலாம். எது யாருடையது என்று தெரியவில்லையா? முதலில் 1913-க்கு அடித்துப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கும்போது பள்ளத்தை மட்டும் எடுக்காமல், பக்கத்தில் உள்ள கடை போர்டு அல்லது மின்கம்ப எண்ணையும் சேர்த்து எடுங்கள். இடத்தைக் கண்டுபிடிக்க அதுதான் உதவும்.

பைக்கில் போகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவும். பணி நடக்கும் இடத்தில் திரும்பும் டிரெய்லருக்கும் தடுப்புக்கும் நடுவில் இடம் இருப்பது போலத் தெரியும். அந்த இடம் உங்களுக்கு இல்லை. அது பின்சக்கரம் வரப்போகும் இடம். லாரி முழுதாகத் திரும்பும் வரை பின்னாலேயே நில்லுங்கள். அதிகபட்சம் அரை நிமிடம்தான் ஆகும்.